ஒன்றரை வருஷம் யார் போனையும் எடுக்கவில்லை, இனி எப்படித் திரும்பிப் போவது?

நொய்யல்கரை:

எனக்கு 34 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. சொந்த ஊர் காங்கேயத்துக்குப் பக்கம். கல்யாணமாகி ஏழு வருஷம், ஐந்து வயதில் மகள் இருக்கிறாள்.

ஒன்றரை வருஷமாக எனக்கு மனச்சோர்வு இருந்திருக்கிறது. அது மனச்சோர்வு என்று தெரிந்ததே ஐந்து மாதத்துக்கு முன்னால்தான். அதுவரை நான் கெட்டுப்போய்விட்டேன், ஈவு இரக்கம் இல்லாதவனாக ஆகிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அழுகை எல்லாம் வரவில்லை. எதுவும் மனதில் ஒட்டவில்லை, அவ்வளவுதான். என் வேலையில் துணியின் ஷேடு பார்ப்பது முக்கியம். டையிங்கிலிருந்து லேப் டிப், அதாவது சாயம் போட்ட மாதிரித் துண்டு வந்தால், நிறம் பார்க்கிற விளக்குப் பெட்டியான லைட் பாக்ஸுக்குள் வைத்து, பையர் அனுப்பிய துண்டோடு ஒப்பிட வேண்டும். ஏ, பி, சி என்று மூன்று வரும். எது நெருங்கி வருகிறது என்று ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவேன், அதற்காகவே மற்ற செக்‌ஷன்காரர்களும் என்னைக் கூப்பிடுவார்கள். அந்த நாட்களில் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே நிற்பேன். வித்தியாசம் தெரியும். எதைச் சொன்னால் என்ன என்று இருக்கும்.

போன் விஷயம் சின்னதாகத்தான் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் கூப்பிட்டான், எடுக்கவில்லை. ராத்திரி பேசலாம் என்று விட்டேன். ராத்திரி தெம்பில்லை. மறுநாள் கூப்பிட்டால் "நேற்று ஏன் எடுக்கவில்லை" என்று கேட்பானே என்று தயக்கம். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டால் ஒரு வாரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். கந்துவட்டி மாதிரி அது ஏறிக்கொண்டே போனது. அவன் வீடு கட்டிப் புண்ணியார்ச்சனை வைத்தான். போகவில்லை. 2008இல் பிளஸ் டூ முடித்தவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் என்னைத் தேடினார்கள், அப்புறம் தேடுவதையும் விட்டுவிட்டார்கள்.

ஆனால் இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்வது இன்னொன்று. போன தை மாதம் அக்கா பையனுக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். நான் ஒரே தாய்மாமன். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். சீர்த்தட்டு, தோடு, துணிமணி எல்லாம் வாங்கியாகிவிட்டது. மனைவியும் மகளும் அம்மாவோடு விடியற்காலையிலேயே காரில் போய்விட்டார்கள். ஒரு ஷிப்மெண்ட் வேலையை முடித்துவிட்டுப் பைக்கில் வந்துவிடுகிறேன் என்றேன். அப்படி வேலை எதுவும் இல்லை. குளித்தேன், வேட்டி கட்டினேன், புதுச்சட்டை போட்டேன், கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். ஆறரை மணிக்கு உட்கார்ந்தவன் பதினொன்றரை வரை அங்கேயே இருந்தேன். போன் அடித்து அடித்து நின்றது. 43 மிஸ்டு கால். பத்தரைக்கு நல்ல நேரம் முடிகிறது என்று தெரியும். எழுந்து சாவியை எடுத்தால் போதும் என்றும் தெரியும். அங்கே நூறு பேர் "என்ன, இளைச்சுப் போயிட்ட" என்று கேட்பார்கள், நூறு பேருக்கும் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்புக்கு எங்கே போவது என்று தெரியாமல்தான் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பெரியப்பா பையன் மடியில் வைத்துக் குத்தினார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா ஒரு முறை பேசினாள். "உனக்கு நான் என்ன குறை வெச்சேன்?" என்று கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை. அதோடு பத்து மாதமாகப் பேச்சு இல்லை. இந்தத் தீபாவளிக்கும் அவர்கள் வரவில்லை.

ஆனி மாதம் மனைவி என்னை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம் மாத்திரை கொடுத்தார்கள், 10 மில்லிகிராம். முதல் பத்து நாள் குமட்டல்தான் மிச்சம். மூன்றாவது வாரம் தூக்கம் வந்தது. ஆறாவது வாரம் ஒரு நாள் லைட் பாக்ஸ் முன்னால் நின்றபோது, "பி-யில் சிவப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, திருப்பி அனுப்பு" என்று யோசிக்காமலே சொன்னேன். அன்றைக்குத்தான் நான் திரும்பி வருகிறேன் என்று தெரிந்தது.

உடம்பும் வேலையும் சரியாகிக்கொண்டு வருகின்றன. மனுஷர்கள்தான் சரியாகவில்லை. என்ன ஆயிற்று என்று அக்காவிடம் உண்மையைச் சொல்வதா, வேறு ஏதாவது சொல்வதா? இவ்வளவு நாள் கழித்து எந்த முகத்தோடு போய் நிற்பது? இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


தபால்காரி:

தம்பி, எனக்கு 61 வயது. கும்பகோணத்தில் தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்ததைப் படித்தபோது எனக்கு என் சமையலறை ஸ்டூல் ஞாபகம் வந்துவிட்டது. நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

2012இல் எங்கள் அம்மா போன பிறகு எனக்கு வந்தது. ஆபீஸுக்குப் போவேன், ஸ்டாம்பு கிழிப்பேன், மணியார்டர் எழுதுவேன், வீட்டுக்கு வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் அவ்வளவுதான். என்னோடு பக்கத்துக் கவுண்ட்டரில் இருபது வருஷம் உட்கார்ந்தவள் ஒருத்தி. ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள் நாங்கள். அவள் பெண்ணுக்கு மாயவரத்தில் கல்யாணம். நான் போகவில்லை. மொய் கூட அனுப்பவில்லை. அவள் வேறு கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள், என்னால்தான் போனாளோ என்று இன்னும் ஒரு உறுத்தல் உண்டு.

எட்டு மாதம் கழித்து, கொஞ்சம் தேறிய பிறகு அவளுக்குக் கடிதம் போட்டேன். கார்டில் எழுதினால் போஸ்ட்மேன் வரைக்கும் படிப்பார், அதனால் இன்லேண்ட் லெட்டர், இரண்டரை ரூபாய். நாலு வரிதான். "எனக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது, மனசு சம்பந்தப்பட்டது. மாத்திரை சாப்பிடுகிறேன். கல்யாணத்துக்கு வராதது உன்னைக் குறைவாக நினைத்து இல்லை. பதில் போட வேண்டாம், தெரிவிக்கத்தான் எழுதினேன்."

அந்தக் கடைசி வரியை நான் நான்கு நாள் யோசித்து எழுதினேன். பதில் கேட்டு எழுதினால் அதுவும் அவள் தலையில் ஒரு பாரம். மன்னித்துவிட்டாயா என்று கேட்டால் அவள் உடனே ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். கோபத்தில் இருக்கிறவர்களுக்கு அவகாசம் வேண்டும் தம்பி. மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, ஒன்றும் சொல்லாமல் வந்து நின்றாள். அன்றைக்கு நாங்கள் என் வியாதியைப் பற்றிப் பேசவே இல்லை. அவள் பேரனைப் பற்றித்தான் பேசினோம். வியாதியைப் பற்றி அவள் கேட்டது அடுத்த வருஷம்.

இன்னொருத்திக்கும் அதே மாதிரி எழுதினேன், அவளிடமிருந்து இன்றுவரை எதுவும் வரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று நினைத்து ஆரம்பிக்காதீர்கள்.

அக்காவுக்குக் கடிதம் வேண்டாம், கூடப் பிறந்தவள், நேரில் போங்கள். விசேஷ நாளில் போகாதீர்கள். விசேஷத்தில் அத்தனை பேர் கண்ணும் உங்கள் மேல்தான் இருக்கும். ஒரு புதன், வியாழன் பாருங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் இருக்காதீர்கள், அவள் வாயைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை. ரொம்பப் பெரிய சீரெல்லாம் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், கையில் பழம் போதும்.


கரூர் பைபாஸ்:

அண்ணா, நான் எதிர்க்கருத்துதான் சொல்வேன். யாரிடமும் உண்மையைச் சொல்லாதீர்கள். எங்கள் அப்பா இதே மாத்திரை சாப்பிடுகிறார். மெடிக்கல் ஷாப்பில் பார்த்த ஒரு சொந்தக்காரர் மூலமாக அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், எங்கள் அக்காவுக்குப் பேசி முடித்த சம்பந்தம் நின்றுபோனது. "குடும்பத்துல பைத்தியம் இருக்காமே" என்று கேட்டு அனுப்பினார்கள். அப்பா அன்றிலிருந்து வாசல் திண்ணைக்கே வருவதில்லை. தைராய்டு என்று சொல்லுங்கள். தைராய்டுக்கும் சோர்வு வரும், எல்லாரும் நம்புவார்கள். உங்களுக்கும் ஒரு பெண் குழந்தை இருக்கிறது.


ஓ.பி. சீட்டு:

நான் ஒரு மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளர். 16 வருஷமாக இந்த ஓ.பி.யில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கரூர் தம்பி, உங்கள் அப்பாவுக்கு நடந்தது அநியாயம். அந்தப் பயம் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன், எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பக்கத்து மாவட்டத்திலிருந்து வருகிறார்கள், தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்று. ஆனால் ஊருக்குச் சொல்வதும் அக்காவுக்குச் சொல்வதும் ஒன்று இல்லை. 2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உங்கள் நோய் விவரத்தை ரகசியமாகக் காப்பது மருத்துவரின், மருத்துவமனையின் கடமை. யாருக்குச் சொல்ல வேண்டும் என்று தீர்மானிக்கிற உரிமை உங்கள் கையில் இருக்கிறது. கம்பெனியில் சொல்ல வேண்டாமா, சொல்லாதீர்கள். பங்காளிகளுக்கு வேண்டாமா, வேண்டாம். உங்களால் நேரடியாக நொந்துபோன ஆளுக்கு மட்டும் வேறு கதை சொல்லாதீர்கள். தைராய்டு வந்தவன் காது குத்துக்கு ஏன் வரவில்லை என்று அக்கா மறுபடி யோசிப்பார், அப்போது அந்தப் பொய் இரண்டாவது காயமாகிவிடும்.

தைராய்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் இதே மாதிரி சோர்வு வரலாம். அதனால் ஆரம்பத்திலேயே டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்ப்பது வழக்கம். நொய்யல்கரை, உங்களுக்குப் பார்த்தார்களா?

நீங்கள் எழுதியதில் போன் எடுக்காத கதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த நோய் பெரும்பாலும் வீட்டை அப்படித்தான் பிரிக்கிறது. ஆசை, ருசி, ஆர்வம் இந்த மூன்றும் வற்றிவிடுகின்றன. ஆள் ஒதுங்குகிறார். ஒதுங்கியதால் சந்தோஷமாக எதுவும் நடப்பதில்லை, அதனால் இன்னும் வற்றுகிறது. வெளியே இருக்கிறவர்களுக்கு இது திமிராகவோ பாசக் குறைவாகவோ தெரிகிறது. அவர்களும் விலகுகிறார்கள். நோயாளிக்கு அது, "பார், நான் யாருக்கும் வேண்டாதவன்" என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. 1970களில் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தச் சுழலை எடுத்துச் சொன்னார். அதிலிருந்து வளர்ந்த சிகிச்சை முறையில் நாங்கள் சொல்வது இதுதான்: போக வேண்டும் என்று தோன்றுகிறவரை காத்திருக்காதீர்கள். முதலில் கால் போகட்டும், மனசு பின்னால் வரும். நாளும் நேரமும் குறித்துக்கொண்டு, சின்னதாக ஒன்று. "அக்காவோடு சமாதானம்" என்று எழுதாதீர்கள். "புதன் சாயங்காலம் ஐந்து மணி, அக்கா வீடு, அரை மணி நேரம்" என்று எழுதுங்கள். கும்பகோணத்து அம்மா சொன்னது அப்படியே சிகிச்சை முறைதான், அவர்கள் எங்கும் படிக்காமலே சொல்லிவிட்டார்கள்.

தான் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்வதும் இதில் ஒரு பகுதி. 2015-16இல் பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடந்தது. பெரியவர்களில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் மனச்சோர்வுக்கு ஆளாகிறார் என்று அதில் வந்தது. மனச்சோர்வு உள்ளவர்களில் 100க்கு 85 பேர் அளவுக்குச் சிகிச்சையே போய்ச் சேரவில்லை. உங்கள் 2008 வாட்ஸ்அப் குழுவில் 40 பேர் இருந்தால் உங்களைத் தவிர இன்னொருவராவது இருப்பார்.

மாத்திரையை நன்றாக இருக்கிறது என்று நீங்களே நிறுத்திவிடாதீர்கள். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், நிறுத்தும்போது படிப்படியாகக் குறைப்பார்கள். கடைசியாக, நேராகவே கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்: செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்ததா, இப்போது இருக்கிறதா? இருந்தால் அடுத்த ரிவியூ வரை வைத்திருக்காதீர்கள். 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், ராத்திரி எத்தனை மணிக்கும் தமிழில் பேசலாம்.


நொய்யல்கரை:

எல்லாருக்கும் நன்றி. டி.எஸ்.ஹெச். பார்த்தார்கள், அளவு சரியாக இருந்தது. அந்த நினைப்பு வைகாசியில் இரண்டு மூன்று தடவை வந்தது. முதல் ஓ.பி. அன்றே டாக்டர் கேட்டார், சொல்லிவிட்டேன். இப்போது இல்லை. நீங்கள் கேட்டது தப்பே இல்லை. கரூர் தம்பி, உங்கள் அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அம்மா சொன்ன மாதிரி ஒரு புதன்கிழமையைக் குறித்திருக்கிறேன்.


வைகைப்பாலம்:

சகோதரருக்கு, மதுரையிலிருந்து எழுதுகிறேன். நான் இந்தப் பக்கத்து ஆள் இல்லை, எதிர்ப்பக்கம். என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். அவருக்கு இரண்டு தடவை மனச்சோர்வு வந்தது. அதனால் நீங்கள் எழுதியதை நான் வேறு மாதிரி படித்தேன்.

உங்கள் முதல் பதிவில் சிநேகிதன் இருக்கிறான், அக்கா இருக்கிறாள், பெரியப்பா பையன் இருக்கிறான். உங்கள் மனைவி இரண்டே இடத்தில் வருகிறார். ஒன்று, காரில் போனார். இன்னொன்று, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்குக் கோயிலில் சீர்த்தட்டோடு நின்றவர் அவர்தானே? "எங்கே உன் புருஷன்?" என்று அந்த நூறு பேரும் யாரைக் கேட்டிருப்பார்கள்?

நான் நின்றிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். "அவருக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்துற வேலை" என்பேன். ஆடி மாதத்தில் எந்தப் பரீட்சை என்று ஒரு அத்தை கேட்டார். ஒவ்வொரு பொய்யும் ஞாபகத்தில் இருக்க வேண்டும், யாரிடம் எதைச் சொன்னேன் என்று. வீட்டுக்கு வந்தால் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். "என் மேல ஏதாவது கோபமா?" என்று முதல் மூன்று மாதம் கேட்டேன். "இல்லை" என்பார், அந்த இல்லையில் ஒரு எரிச்சல் இருக்கும். அப்புறம் கேட்பதை விட்டேன். அவர் தொடுவதும் இல்லை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் யாரும் எழுதுவதில்லை என்பதால் எழுதுகிறேன். நோயிலேயே அந்த ஆசை போய்விடுகிறது. அது கொஞ்சம் சரியாகிறபோது மாத்திரையாலும் குறையலாம். நான் அழகாக இல்லை, அவருக்கு வேறு யாரோ இருக்கிறார்கள் என்றெல்லாம் ஒரு வருஷம் நினைத்து என் உடம்பு பாதியானது. கடைசியில் டாக்டரிடம் நான்தான் கேட்டேன். அவர் ஆச்சரியமே படவில்லை, இது நிறையப் பேருக்கு உண்டு, சொன்னால்தானே மாற்றித் தர முடியும் என்று மருந்தை மாற்றினார். கேட்காமல் தானாக நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அவர் தேறிய பிறகு எல்லாரிடமும் போய்ப் பேசினார். அண்ணன், தம்பி, ஹெட்மாஸ்டர், பால்காரர் வரைக்கும். என்னிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நான் கூடவே இருந்தேன் இல்லையா, அதனால் எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டார். எனக்குத் தெரியாது. அந்த இரண்டு வருஷம் அவருக்குள்ளே நான் இருந்தேனா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் முழுசாகத் தெரியாது. இப்போது நன்றாக இருக்கிறார், நானும் நன்றாகத்தான் இருக்கிறேன், ஆனாலும் அது ஒரு பக்கம் இருக்கிறது.

அக்கா வீட்டுக்குப் போங்கள், போக வேண்டியதுதான். அதற்கு முன்னால் உங்கள் மனைவியை உட்கார வைத்து, அன்றைக்குக் கோயிலில் என்ன நடந்தது என்று கேளுங்கள். நீங்கள் பேச வேண்டாம், கேளுங்கள்.


நொய்யல்கரை:

வைகைப்பாலம் அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுத முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மகள் தூங்கிய பிறகு கேட்டேன். முதலில், "இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றாள். அப்புறம் சொன்னாள், ஒரு மணி வரைக்கும் சொன்னாள். கோயிலில் அவள் என் போனுக்குக் கூப்பிட்டபடியே வாசல் வரை நடந்து நடந்து வந்து பார்த்திருக்கிறாள். 43இல் 29 அவளுடையது. நான் ஏதாவது பண்ணிக்கொண்டேனோ என்று பயந்து, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைக் கூப்பிட்டு எங்கள் ஜன்னலை எட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். "உட்கார்ந்திருக்கார்" என்று அவர் சொன்ன பிறகுதான் பெரியப்பா பையனைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறாள். நான் உயிரோடு இருந்த நிம்மதியில் யார் திட்டியதும் காதில் விழவில்லை என்றாள். ஒன்றரை வருஷத்தில் தனியாகப் போன விசேஷம் பதினேழு. எண்ணி வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றிலும் எனக்காக என்ன சொன்னாள் என்று வரிசையாகச் சொன்னாள். நீங்கள் சொன்ன மாதிரி நான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒரு இடத்தில் மட்டும் கையைப் பிடித்தேன். மருந்து விஷயத்தையும் அடுத்த ரிவியூவில் கேட்கப் போகிறோம், இரண்டு பேருமாக.

புதன்கிழமை ஐந்து மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன், இரண்டு கிலோ கொய்யாப்பழத்தோடு. மனைவி வருகிறேன் என்றாள், இது நான் மட்டும் போக வேண்டியது என்று சொல்லிவிட்டேன். அக்கா கட்டுத்தரையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள். பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் மாட்டுக்குத் தண்ணி காட்டினேன். சின்ன வயதில் அது என் வேலை. தவிடு எங்கே இருக்கிறது என்று கேட்கத் தேவைப்படவில்லை, அதே இடத்தில்தான் இருந்தது. இருபது நிமிஷம் போயிருக்கும். அக்கா கை கழுவிவிட்டு வந்து நின்றாள்.

எனக்கு மனசு சரியில்லாமல் இருந்தது, வியாதிதான், அஞ்சு மாசமா மாத்திரை சாப்பிடறேன், அன்னைக்கு வேட்டி கட்டிக்கிட்டு அஞ்சு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்க முடியல என்றேன். எழுதி வைத்துக்கொண்டு போனது வேறு, வந்தது இவ்வளவுதான்.

அக்கா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "அன்னைக்கு அவன் அழவே இல்ல. நான்தான் அழுதேன்" என்றாள். அதற்கு நான் என்ன சொல்வது? பையன் அதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். காதில் நான் வாங்கிய தோடுதான் கிடந்தது, அதை அவள் மாற்றவில்லை. என்னிடம் வர மாட்டேன் என்று ஓடிவிட்டான், அவனுக்கு நான் புது ஆள். அக்கா வீட்டுக்காரர் வந்தார், தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் கோபம் ஆறவில்லை, ஆற நாளாகும் என்று தெரிகிறது.

அரை மணி ஆனதும் கிளம்பினேன். பைக்கை எடுக்கிறபோது அக்கா வாசலிலிருந்து, "மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டாள்.

ராத்திரி சாப்பிட்ட பின்னால் என்றேன்.

"அப்ப சாப்ட்டுட்டுப் போ" என்றாள்.

ஓ.பி. சீட்டு சார், ஒரு கேள்வி. நேற்று அக்கா மனைவிக்குப் போன் பண்ணி, அடுத்த ரிவியூவுக்குத் தானும் வருகிறேன் என்றாளாம். டாக்டரிடம் அவளுக்கு என்னவோ கேட்க வேண்டுமாம். மூன்று பேராகப் போனால் உள்ளே விடுவார்களா?


ஓ.பி. சீட்டு:

விடுவார்கள். டாக்டரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், அக்காவிடம் என்ன பேசலாம், எதைப் பேச வேண்டாம் என்று. கூட்டமாக இருந்தால் டாக்டருக்கு நேரம் இருக்காது, அதனால் எட்டரைக்குள் சீட்டுப் போட்டுவிடுங்கள். பழைய சீட்டையும் மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.